வாப்பா போட்ட வழக்கு

மாத்தளை
12.09.1994

அன்புள்ள ஹெர்பர்ட் நானாவுக்கு,

ஹமீமா எழுதுவது. கலேவெலச் சந்தையில் செத்தல் மிளகாய் பார்த்துவிட்டு வஹகோட்டை வீட்டுக்கு வந்து, சவரியம்மா மதினி கையால் தண்ணீர் வாங்கிக் குடித்து, ஆறுதலாக உட்கார்ந்த பிறகு இதை வாசியுங்கள். எனக்கு உட்கார ஏலவில்லை. மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

இன்று பேங்கில் கூப்பிட்டார்கள். நம் மிளகாய், மிளகுத் தூள் மில்லுக்கு உலர்த்தும் மெஷின் வாங்கக் கேட்ட கடன் சரிவந்துவிட்டது, கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பெருநாளைக்கு எடுத்த சாரியை உடுத்திக்கொண்டு போனேன். மெனேஜர் எப்போதும் வெளி மேசையில் வைத்துத்தான் பேசுவார். இன்று அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். சிங்களத்தில் மெதுவாகத்தான் கேட்டார். "உங்கள் கம்பனியில் இரண்டு டிரெக்டர்தானே. அதில் ஒருவரை, கடன் கட்ட ஏலாத வங்குரோத்து என்று கோர்ட் தீர்த்திருக்கிறது. உங்களுக்குத் தெரியாதா?"

என் மனம் முதலில் உங்கள்மேல் போகவில்லை நானா. என்மேல்தான் போனது. எங்கட வீட்டுக்காரர் புத்தளத்தில் மௌத்தாகுமுன் எனக்குத் தெரியாமல் ஏதாவது கடனில் என் பெயரைச் சேர்த்திருந்தாரோ என்று பயந்துபோய், நான் ஒரு டீச்சர், ஒருவரிடமும் கடன் வைத்தவள் இல்லை என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகுதான் உங்கள் முழுப் பெயரையும் சொன்னார். மாத்தளை மாவட்ட நீதிமன்றத்தில், எண்பத்து நான்காம் ஆண்டு வழக்கு என்றார். நான் அவரோடு சண்டை பிடித்தேன். அந்தப் பெயரில் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். சத்தம் கேட்டு வெளியில் நின்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

கடன் இல்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. வங்குரோத்தான ஒருவர் கோர்ட்டால் விடுவிக்கப்படும்வரை கம்பனி ஒன்றில் டிரெக்டராக இருக்கவே கூடாதாம். அப்படியென்றால் நாலு வருசமாக நாம் இரண்டு பேரும் போட்ட கையெழுத்தெல்லாம் என்ன? என் வீட்டு உறுதிப் பத்திரம் பேங்கில் அடமானமாகக் கிடக்கிறது. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. தை மாதம் தொடக்கம் கொழும்பு ஹோட்டல்களுக்குத் தூள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம். மழை பிடித்தால் மிளகை எங்கே காயப்போடுவது? மில்லுக்குத் திரும்பி வந்தபோது சுந்தரம்மாவும் மற்றப் பெண்களும் கடன் கிடைத்ததா என்று கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது வேறு ஹெர்பர்ட் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். போதும்.

ஹமீமா


வஹகோட்டை
17.09.1994

அன்புள்ள தங்கச்சிக்கு,

சேசுவின் சமாதானம் உங்களுக்கு இருக்கட்டும்.

அது வேற ஹெர்பர்ட் இல்ல. நான்தான்.

ஒங்க கடுதாசிய படிச்சதும் சவரியம்மாகிட்ட குடுத்தேன். அவ படிச்சிட்டு அடுப்படிக்கு போயிட்டா.

எண்பத்தி மூணுக்கு முன்ன எனக்கு மாத்தளை டவுன்ல ஒரு துணிக்கட இருந்திச்சி. செபஸ்தியார் ஸ்டோர்ஸ்னு பேரு. கலவரத்துல எரிச்சாங்க. பண்டிகைக்குன்னு கடனுக்கு எடுத்த துணியெல்லாம் கட்டு பிரிக்காம இருந்திச்சி, அதோடயே போச்சி. துணி எரிஞ்சாலும் கடன் எரியாதுங்களே. மறு வருசம் கோட்டுல என்ன வங்குரோத்துன்னு தீத்தாங்க. கடை இருந்த நெலத்த கோட்டே வித்து, குடுக்க வேண்டியவங்களுக்கெல்லாம் பங்கு போட்டிச்சி. அது வித்து முடியவே எண்பத்தி எட்டு ஆச்சி. அப்ப லோயரா இருந்தவரு, இனி என்னய விடுவிக்க கோட்டுல கூப்பிடுற கடைசி தவண ஒண்ணு இருக்கு, அது சும்மா பேருக்குத்தான்னு சொன்னாரு. பொறகு நாட்டுல கொலகாரக் காலம் வந்திச்சி. கோட்டு தொறந்த நாள விட மூடுன நாள்தான் கூட. ஒருத்தரும் கூப்பிடல்ல. நானும் முடிஞ்சி போச்சின்னு நெனச்சிட்டேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன்.

கம்பனியில இருந்து விலகுறேன்னு எழுதி கையெழுத்து போட்டு இதோட வச்சிருக்கேன். வேற நல்ல ஆள போட்டுக்குங்க. மிளகாய் வாங்கித் தர்ற வேலைய கூலிக்கு செஞ்சி தர்றேன், ஒங்களுக்கு விருப்பம்னா. ஒங்க வீட்டு உறுதிக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு அந்தோனியாருக்கு நேந்திருக்கேன்.

அந்த வழக்க பத்தி இதுக்கு மேல கேக்காதீங்க தங்கச்சி.

ஹெர்பர்ட்


மாத்தளை
25.09.1994

ஹெர்பர்ட் நானாவுக்கு,

கேட்காதீர்கள் என்று எழுதினீர்கள். நான் கேட்கவில்லை. தானாக வந்தது.

உங்கள் இடத்துக்கு ஒரு டிரெக்டர் வேண்டுமே என்று கொழும்பில் இருக்கிற என் தம்பி யாகூபுக்கு டெலிபோன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்தான். வாப்பா வீட்டுக்குள் அவன் வருவது பத்து வருசத்துக்குப் பிறகு. எண்பத்து நான்கில் வாப்பாவோடு கோபித்துக்கொண்டு போனவன், வாப்பா மௌத்தானபோதும் வரவில்லை. நான் அப்போது கலியாணம் முடித்துப் புத்தளத்தில் இருந்தேன். ஏதோ வியாபாரத் தகராறு என்று மட்டும்தான் உம்மா சொன்னா. நானும் கிளறவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவன், செபஸ்தியார் ஸ்டோர்ஸ் என்றதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். ஒருதரம் சிரித்தான். பிறகு சொன்னான்: "ராத்தா, அந்த மனிசன கோட்டுக்கு இழுத்து வங்குரோத்தாக்கினது வேற ஆருமில்ல. எங்கட வாப்பா."

நான் நம்பவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு ஜுனைதீன் லோயரிடம் போனேன். அவர் அந்த நாளிலேயே மாத்தளைக் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர்தானே. என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இவ்வளவு காலமாகத் தெரியாதா என்றுதான் அவரும் கேட்டார். மனு போட்டவர் அப்துல் ஸமத். என் வாப்பா.

எரிந்த கடைக்காரனிடம் சாம்பலைக் கிளறிக் காசு தேடினவன் என்று வாப்பாவை ஊரே பேசியதாம். யாகூபின் கூட்டாளிமார் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அதைத் தாங்க ஏலாமல்தான் சோற்றுப் பீங்கானுக்கு முன்னாலிருந்து எழும்பிப் போயிருக்கிறான். இத்தனை வருசமாக அவனை நான் கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானா, நாலு வருசம் எங்கள் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டீர்கள். வாப்பாவின் பேச்சு வந்தால் நல்ல மனிசன் என்று சொன்னீர்கள். அந்த நேரமெல்லாம் உங்கள் மனசில் என்ன இருந்தது? யாகூப் கேட்கிறான், இந்த மனிசர் உன்னிடம் பழி வாங்கவா வந்தார், உன் வீட்டு உறுதி பேங்குக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாரா என்று. அவன் வாயை அடைத்தேன். ஆனால் அவன் படுத்த பிறகு அந்தக் கேள்வி என்னிடம் வந்து இருந்துகொண்டது. உங்களைச் சந்தேகப்படுவதா, வாப்பாவுக்காக வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. தொழுகையில் வாப்பாவுக்குத் துஆக் கேட்கக் கை தூக்கினால் வார்த்தை வரவில்லை.

நீங்கள் விலகிய கடிதத்தை நான் இன்னும் எவரிடமும் கொடுக்கவில்லை. முதலில் எனக்குப் பதில் வேண்டும்.

ஹமீமா


வஹகோட்டை
02.10.1994

அன்புள்ள ஹமீமா தங்கச்சிக்கு,

ஒங்க வாப்பாவுக்கு குடுத்த வாக்க இன்னிக்கு மீறுறேன். அவர ஒங்க வாயாலயே தப்பா சொன்ன பொறகு, எந்த வாக்க காப்பாத்தி என்ன புண்ணியம்.

மொதல்ல ஒண்ணு. நான் ஒங்கள தேடி வரல்ல. நீங்கதான் புத்தளத்துல இருந்து வந்து, யாவாரம் தெரிஞ்ச ஆள் வேணும்னு டவுனெல்லாம் விசாரிச்சி என்கிட்ட வந்தீங்க. அப்துல் ஸமத் மொதலாளி மகள்னு சொன்னதும் நான் முடியாதுன்னேன், நெனவிருக்கா? மூணாம் தடவ வந்தப்ப சவரியம்மாதான், போங்க, அந்த வீட்டுக்கு நீங்க செய்யாம யாரு செய்யறதுன்னா.

கடை எரிஞ்சப்ப நான் கடன் வச்சிருந்தது பல பேருக்கு. ஒங்க வாப்பாவுக்கும் குடுக்க இருந்திச்சி, அது பொய்யில்ல. மத்தவங்க பொறுத்தாங்க. மாரிமுத்து மொதலாளி மட்டும் பொறுக்கல்ல. வட்டிக்கு வாங்குனதுக்கு நான் கையெழுத்து போட்ட கடன் நோட்டு அவருகிட்ட இருந்திச்சி. நாங்க அகதி முகாமுல இருந்து ஒரு வாடக அறைக்கு வந்து ஒரு மாசம் இருக்காது, அவரு ஆளுங்க வாசல்ல வந்து நிக்க தொடங்கிட்டாங்க. சவரியம்மா அப்ப புள்ளத்தாச்சி. அவ போட்டிருந்த தாலிய கையால தூக்கி பாத்துட்டு போனான் ஒருத்தன். அடுத்த கெழம மறியலுக்கு, ஜெயிலுக்கே அனுப்புறேன்னு மாரிமுத்து சொல்லி அனுப்புனாரு.

அந்த நேரத்துலதான் ஒங்க வாப்பா வந்தாரு. எங்க அறையில ஒக்கார கதிர இல்ல, அரிசி சாக்கு மேல ஒக்காந்தாரு. சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நெனவிருக்கு. "ஹெர்பர்ட், நான் ஒங்க மேல வழக்கு போடப் போறன். நான் போட்டா ஒங்கள கோட்டு பாத்துக்கும். மாரிமுத்து போட்டா மறியல்தான் பாத்துக்கும்."

எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல. இவரும் வந்துட்டாரான்னு தலையில இடி விழுந்த மாதிரி இருந்திச்சி. அப்பறந்தான் வெளக்குனாரு. வங்குரோத்துன்னு கோட்டு பொறுப்பெடுத்துட்டா, ஒரு கடன்காரன் மட்டும் தனியா வந்து என்னய புடிக்க ஏலாது. இருக்கறத கோட்டே வித்து எல்லாருக்கும் பங்கு குடுக்கும். நானா போய் மனு போட என்கிட்ட லோயருக்கு குடுக்க காசுமில்ல, வெளிய தலகாட்ட மனசுமில்ல. அதனால அவரே போட்டாரு. செலவு அவருது.

ஊரு ஒங்கள என்ன சொல்லும் மொதலாளின்னு கேட்டேன். சொல்லட்டும், கேக்கத்தானே அல்லாஹ் ரெண்டு காது தந்திருக்கான்னாரு. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்குனாரு. ரெண்டு பேரும் பேசி வச்சி போட்டதுன்னு மாரிமுத்துவுக்கு தெரிஞ்சா, அத வச்சே வழக்க ஒடச்சிப்புடுவாருன்னு பயம். வீட்டுலயும் சொல்லல்ல. யாகூப் தம்பி வீட்ட விட்டு போனப்ப, நான் போய் உண்மய சொல்றேன்னு அழுதேன். வாணாம், எளரத்தம், நாலு பேர்கிட்ட சொல்லிப்புடுவான், ஆறுனதும் வருவான்னாரு. ஆறி வர்றதுக்குள்ள அவரு போயிட்டாரு.

கடைசி மாசங்கள்ல ஊரடங்கு இல்லாத பகல்ல நான் பின்வாசலால போய் அவர பாப்பேன். முன்வாசலால போனா ஊரு பாக்குமே. அவரு மையத்த அடக்க எடுத்துட்டு போறப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுதான் பாத்தேன்.

இதுதான் தங்கச்சி என் மனசுல இருந்தது. வேற ஒண்ணுமில்ல.

ஹெர்பர்ட்


மாத்தளை
20.10.1994

அன்புள்ள ஹெர்பர்ட் நானாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்த பிறகுதான் மூச்சு விட்டேன். உம்மா இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அவவும் தெரியாமலே போய்விட்டா.

யாகூபை மறுபடி வரவழைத்து அவன் கையிலேயே கொடுத்தேன். சத்தம் போடுவான், அழுவான் என்றெல்லாம் நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. கடிதத்தை மடித்தான், திரும்பப் பிரித்தான். இளரத்தம் என்று வாப்பா சொன்ன இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். மௌத்துக்கு வராததற்குப் பாதையில் ஆபத்து என்றுதான் அந்த நாளில் தந்தி அடித்திருந்தான். இப்போது சொல்கிறான், பாதை திறந்துதான் இருந்தது ராத்தா என்று. ஒரு முழு நாள் சாப்பிடாமல் கிடந்தான்.

இனி வழக்கு. ஜுனைதீன் லோயர் கோர்ட்டில் மனுக் கொடுத்திருக்கிறார். முடியாமல் கிடக்கிற கடைசித் தவணையை நடத்தி உங்களை விடுவிக்கக் கேட்டிருக்கிறார். நவம்பர் பதினாறாம் திகதி கூப்பிடுகிறார்கள். மனு போட்டவரின் வாரிசுகள் என்று நானும் யாகூபும் நின்று, ஆட்சேபனை இல்லை என்று சொல்ல வேண்டுமாம். உங்களைத் தடுத்து வைத்திருக்கிறவர்களும் நாங்கள்தான், உங்களை விடுவிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களும் நாங்கள்தான். லோயரே தலையைச் சொறிந்தார்.

மெனேஜரையும் பார்த்தேன். கோர்ட் விடுவித்த பிறகு யோசிக்கலாம் என்றார். அதற்கு முன்னால் ஒன்றும் செய்ய ஏலாதாம்.

ஆனால் லோயர் கடுமையாக ஒன்று சொன்னார், அதை உங்களுக்கு எழுதச் சொன்னார். வாப்பா எதற்காக மனு போட்டார் என்ற கதையைக் கோர்ட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கள்ள வழக்கு என்று நீதிபதிக்குத் தோன்றினால் எல்லாம் கெட்டுவிடும். மாரிமுத்து இப்போது உயிரோடு இல்லாவிட்டாலும் அவருடைய மகனுக்கும் அறிவித்தல் போகிறது. அவர் வந்து நிற்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

யாகூப் கேட்டான், அப்படியென்றால் வாப்பாவை ஊர் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டுமா என்று. இருக்கட்டும் என்றார் லோயர். வாப்பாவே அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார் என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர நெஞ்சு ஆறவில்லை.

ஹமீமா


வஹகோட்டை
26.10.1994

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதினாறாம் திகதி வந்துடுவேன். லோயர் சொன்ன மாதிரியே செய்றேன். பத்து வருசமா பேசாம இருந்தவனுக்கு இன்னும் ஒரு நாள் பேசாம இருக்கறது பெரிய காரியமில்ல.

யட்டவத்த பக்கம் மிளகு நல்லா வந்திருக்கு. கேட்டு வச்சிருக்கேன். மெஷின் வந்தா வாங்குவோம், இல்லாட்டி விட்டுடுவோம்.

யாகூப் தம்பி மூஞ்ச எப்பிடி பாக்கறதுன்னுதான் பயமா இருக்கு.

ஹெர்பர்ட்


மாத்தளை
17.11.1994

ஹெர்பர்ட் நானாவுக்கு,

நேற்று கோர்ட்டில் நீங்கள் செய்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. ஆட்சேபனை இல்லை என்று நான் சொல்லி, யாகூபும் சொல்லி, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மாரிமுத்துவின் மகன்கூடப் பின்னால் கிடந்த வாங்குப் பலகையில் சும்மாதான் இருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் குனிந்து, சாம்பலில் பொறுக்கினவனின் பிள்ளைகள் என்று சொன்னது எனக்கும் கேட்டது. யாகூப் தலையைக் குனிந்துகொண்டான். உங்களுக்கும் கேட்டது என்று உங்கள் கழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று நீதிபதி வழமைக்குத்தான் கேட்டார். நீங்கள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இருக்கு என்றீர்கள். லோயர் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அரிசிச் சாக்கில் வாப்பா உட்கார்ந்தது தொடக்கம் எல்லாவற்றையும், அந்த உடைந்த சிங்களத்தில், முழுக் கோர்ட்டுக்கும் கேட்கச் சொன்னீர்கள். ஐயோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாரே என்று மட்டும்தான் நினைக்க முடிந்தது. நீதிபதி பேனையை மூடிவைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன் என்று எழும்பிப் போனார். வெளியே வந்து தேடினால் நீங்கள் இல்லை. கலேவெல பஸ்ஸில் ஏறிப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார்.

பின்னேரம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீதிபதி வந்ததும் யாகூபைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். கடன் உண்மையா என்று கேட்டார். உண்மை என்றான். உன் தகப்பனுக்கு மற்றவர்களை விடக் கூடப் பங்கு கிடைத்ததா? இல்லை. எதையாவது ஒளித்தார்களா? யாகூப் நேரே பார்த்துச் சொன்னான்: "ஒளித்தது ஒன்றுதான் ஐயா. என் வாப்பாவின் நல்ல பெயர். அதை எங்களிடமிருந்தும் ஒளித்தார்." ஜுனைதீன் லோயர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மாரிமுத்துவின் மகனுக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். அவர் எழும்பினார். வாய் திறந்தார். பிறகு இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடன் உண்மை, சொத்தை ஒளிக்கவில்லை, எல்லோருக்கும் சமமாகப் பங்கு போயிருக்கிறது, மனு போட்டவர் அன்பால் போட்டாரா கோபத்தால் போட்டாரா என்பது இந்த நீதிமன்றம் கேட்கிற கேள்வி இல்லை என்றார் நீதிபதி. உங்களை விடுவித்துவிட்டார் நானா. நீங்கள் பஸ்ஸில் எந்தச் சந்தியில் இருந்தீர்களோ, அந்த நேரத்தில் விடுதலை ஆகிவிட்டீர்கள்.

லோயர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். இப்படி ஒரு கட்சிக்காரனை இனி எடுக்கமாட்டேன் என்கிறார்.

இன்று காலையில் நானும் யாகூபும் பேங்குக்குப் போனோம். மெனேஜருக்கு விஷயம் முன்பே எட்டியிருந்தது. டவுன் முழுக்க அதே பேச்சுத்தான். ஆனால் பேங்க் பேங்க்தான். உங்கள் பெயரில் பழைய கறை இன்னும் கொஞ்சக் காலம் தெரியுமாம். கேட்டதில் பாதிதான் தருவார்களாம், அதற்கும் யாகூப் டிரெக்டராக வந்து பிணை நிற்க வேண்டும். யாகூப் சம்மதித்தான். புது மெஷின் வாங்க ஏலாது. குருநாகலில் பாவித்த ஒன்று இருக்கிறதாம், நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் விலகல் கடிதத்தை இப்போதைக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருசம் திரும்ப உங்களைச் சேர்ப்போம். அதை யாகூப்தான் முதலில் சொன்னான், மெனேஜரின் முகத்துக்கு நேரே.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. யாகூப் கொண்டு வருகிறான். நீங்கள் இதை வாசிக்கிறபோது அவன் உங்கள் வாசலில் நின்றுகொண்டிருப்பான். உள்ளே கூப்பிடுங்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மதினியிடம் சொல்லி முதலில் ஏதாவது கொடுங்கள். பிறகு வாப்பா கடைசி மாதங்களில் எப்படி இருந்தார், என்ன பேசினார் என்று சொல்லுங்கள். நான் புத்தளத்தில் இருந்தேன், எனக்கும் தெரியாது. அவனுக்குக் கேட்க வாய் வராது. நீங்களாகவே சொல்லுங்கள்.

தங்கச்சி
ஹமீமா